ஹெந்தளைத் திவ்யா

ஆர்ச்டீக்கன் புஷ்பராஜ் ஓய்வு பெற இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான் இருந்தன. பேராயருக்கு அடுத்த படியில் நிற்கிற குரு அவர். நாற்பது வருஷ ஊழியம். பதுளையில் தொடங்கி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று அவர் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகள் இப்போது தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு பேராயர்கள் எந்தச் சிக்கல் வந்தாலும் "புஷ்பராஜைக் கேளுங்கள்" என்று சொன்ன காலமும் உண்டு. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இரண்டே ஆசைகள் பாக்கி இருந்தன. ஒன்று, வெள்ளவத்தைக் கால்வாய்க்கரையில் பாழடைந்து நிற்கும் பழைய மிஷன் வீட்டை இடித்துவிட்டு அங்கே சபைக்கு ஒரு மண்டபம். அதற்குத் தன் கையால் அடிக்கல். மற்றது, தன் கடைசி ஆராதனைக்குத் தங்கை ரதி வர வேண்டும்.

முதல் ஆசை கிட்டத்தட்ட நிறைவேறியாயிற்று. திங்கட்கிழமை பெக்கோ இயந்திரம் வந்து வீட்டை இடிக்கும், சனிக்கிழமை அடிக்கல் விழா, மறுநாள் பிரியாவிடை ஆராதனை. கல்லைக்கூட வெட்டிக் கொண்டுவந்து மிஷன் வீட்டு முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். பளபளவென்று கறுப்புக் கல். "ஆர்ச்டீக்கன் த. டா. புஷ்பராஜ் அவர்களால் நாட்டப்பட்டது" என்று பொன்னெழுத்து. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அதைப் போய்ப் பார்க்காமல் அவருக்குத் தேநீர் இறங்காது. கேட்டால், எழுத்துப்பிழை பார்த்தேன் என்பார்.

இரண்டாவது ஆசைதான் மலை.

ரதியைத் தெரியாதவர்கள் இந்த நாட்டில் குறைவு. சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டடம் எழுப்ப நினைக்கிறவர்கள் அவள் பெயரைக் கேட்டாலே வரைபடத்தைச் சுருட்டிக்கொள்வார்கள். முப்பது வருஷமாக நீதிமன்றப் படியேறி, முழங்கால் சேற்றில் நின்று, கொழும்பைச் சுற்றியுள்ள ஈரநிலங்களில் பாதியை அவளும் அவள் சங்கமும்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வெளிநாடுகளிலிருந்து விருது கொடுக்கக் கூப்பிட்டால், மழைக்காலத்தில் வர முடியாது, பறவைகள் முட்டையிடும் நேரம் என்று எழுதுவாள். அறுபத்திரண்டு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மாடிவீட்டில் தனியாக இருக்கிறாள். தனியாக என்றா சொன்னேன்? சிறகு ஒடிந்தது, கால் போனது என்று எப்போதும் நாலைந்து ஜீவன்கள் கூட இருக்கும்.

இருவரும் தெமட்டகொடை ரயில் குவார்ட்டர்ஸில் பிறந்தவர்கள். தகப்பன் தங்கையாவுக்கு யார்டில் ரயில் பெட்டிகளைக் கொளுவிக் கழற்றும் வேலை. மகளுக்கு ரேச்சல் என்று பாதிரியார் எழுதிக் கொடுத்த சீட்டை மரியாதையாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரதி என்று கூப்பிட்ட மனுஷர் அவர். தண்டவாள ஓரத்தில் செத்துக் கிடக்கும் குருவி, அணில், தவளை எல்லாவற்றையும் ரதி பொறுக்கிக்கொண்டு வருவாள். அண்ணன் அப்பாவின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பிஸ்கட் டின்னைப் பெட்டியாக்கி, அடக்க ஆராதனை நடத்துவான். உயிரோடு கிடைத்தால் பொறுப்பு அவளுக்கு, செத்தால் பொறுப்பு அவனுக்கு. ஒரே விளையாட்டிலிருந்து இரண்டு பேருக்கு இரண்டு உத்தியோகம் கிடைத்தது என்று தங்கையா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்கு முடிவு கட்டியது ஒரு மரம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் புஷ்பராஜ் கொட்டாஞ்சேனையில் குருவாக இருந்தபோது, கோவில் வளவில் பெரிய மாரா மரம் ஒன்று நின்றது. அதில் இராக்கொக்குகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. கல்யாணக் கார்களின் மேலெல்லாம் எச்சம் விழுகிறது என்று சபையார் முறையிட்டார்கள். அவரும் நல்ல பிள்ளையாக ஆள் வைத்து வெட்டிவிட்டார். கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. ரதி வந்து சேர்ந்தபோது மரம் தரையில் கிடந்தது. அவள் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. குஞ்சுகளைப் பொறுக்கி ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு, போகும்போது ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"அண்ணே, இனிமே நீ நோவாவப் பத்தி மட்டும் பிரசங்கம் பண்ணாத."

அவள் வாயிலிருந்து வந்த கடைசி 'அண்ணே' அதுதான். அதற்குப் பிறகு ஊரார் கூப்பிடுகிற மாதிரி 'பாதர்' என்றே கூப்பிட்டாள். அப்பாவின் அடக்கத்தன்றுகூட, "பாதர், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். கத்தியால் குத்தியிருந்தாலும் அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. கோவில் வாசலையும் அவள் அன்றோடு மிதிக்கவில்லை. அவரும் வீம்புக்காரர்தான், ஆனால் ஒன்று: நோவாவின் கதை வாசிக்கிற ஞாயிறு வந்தால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். உதவிக்குருதான் பிரசங்கம் செய்வார். பதினொரு வருஷமாக ஏன் அதே ஞாயிறுகளில் தொண்டை கட்டுகிறது என்று யாரும் கேட்டதில்லை. பிரியாவிடைக்கு வரச்சொல்லித் தங்கைக்கு மூன்று தடவை கடிதம் எழுதினார். இரண்டைக் கிழித்துப்போட்டார்; மூன்றாவது, அனுப்பாமலே ஜெபப் புத்தகத்துக்குள் அடையாளத்தாளாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் சனிக்கிழமை பின்னேரம் அவர் மேசையில் ஒரு குறிப்பு வந்து கிடந்தது. எழுதியவர் சபைக் காரியாலயத்தைப் பார்க்கும் குணமலர். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. தங்கமான மனுஷி, சிங்களம் மட்டும் மரக்கறிக் கடையோடு நின்றுவிட்டது. மிஷன் வீட்டுக் காவற்காரன் சோமே தொலைபேசியில் சிங்களத்தில் சொன்னதைக் கேட்டு, அவர் இப்படி எழுதியிருந்தார்:

"பாதர், மிஷன் வீட்டில் ஹெந்தளைத் திவ்யா வந்து இருக்கிறா. இரண்டு பெட்டையள். கால்வாயை நீந்திக் கடந்து வந்தவவாம். மீன் மட்டுந்தான் சாப்பிடுவாவாம். ஆரும் கிட்டப் போனால் சீறுறாவாம். பகலில் வெளியில வாறேல்லையாம். ஒஃபிசுக்குச் சொல்ல வேணுமாம், எந்த ஒஃபிசெண்டு விளங்கேல்லை. திங்கள் வீட்டை இடிக்க வேண்டாமாம், பாவமாம்."

புஷ்பராஜ் இரண்டு தடவை படித்தார். சோமே அதற்குள் ஒரு அன்னதானத்துக்காக ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். கேட்கவும் ஆளில்லை, கேட்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. கொழும்புக்கு வடக்கே கிடக்கும் ஹெந்தளை எங்கே, வெள்ளவத்தை எங்கே! இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புருஷன் அடித்தானோ, வீட்டுக்காரன் துரத்தினானோ, கால்வாயை நீந்திக் கடந்திருக்கிறாள் ஒரு தாய். சீறத்தான் செய்வாள், அவள் பட்ட பாடு அப்படி. மீன் மட்டும் சாப்பிடுகிறாள் என்பது கொஞ்சம் இடித்தது. ஹெந்தளைப் பக்கத்துப் பழக்கமாக இருக்கும் என்று அதையும் விழுங்கிக்கொண்டார். மனம் ஒன்றை நம்பத் தொடங்கிவிட்டால் மிச்சத்தை அதுவே தைத்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அவர் பேசிய பேச்சை வெள்ளவத்தை இன்னும் மறக்கவில்லை. பெத்லகேமில் இடம் கிடைக்காத தாயில் தொடங்கினார். கால்வாயில் நீந்துகிற இடத்தில் பாதிப் பேர் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். கடைசியில் பிரசங்க மேடையைத் தட்டி, "ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கூரைக்குக் கீழே இருக்கும்வரை, மிஷன் வீட்டின் ஒரு செங்கல்லையும் நாம் தொட மாட்டோம்" என்றார். சபை முழுக்க ஆமென் என்றது.

குணமலர் அந்த இடத்திலேயே திவ்யாவின் பெயரை மன்றாட்டுப் பட்டியலில் சேர்த்தார். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பட்டியலில் ஒரு பெயர் ஏறினால், ஏற்றியவரே வந்து எடுக்கச் சொல்லும்வரை ஞாயிறு தவறாமல் வாசிப்பார்கள். கனடாவுக்குப் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமான ஒருவருடைய விசாவுக்காக இன்றைக்கும் ஜெபம் நடக்கிறது.

அன்று மத்தியானத்துக்குள் காரியாலயம் கடையாகிவிட்டது. பால்மா, சோப்பு, இரண்டு சைஸில் சின்னச் சட்டைகள், ரிபன், ஒரு நுளம்பு வலை. தாய்மார் சங்கம் கூடி மீன் கறி காய்ச்சுவதென்று தீர்மானித்தது. பாரை மீனா சீலாவா என்பதில் மட்டும் சின்னச் சண்டை. வீடு இடிக்கும் ஒப்பந்தக்காரர் மஷூருக்குப் புஷ்பராஜே போன் போட்டு, வேலையை நிறுத்தச் சொன்னார். அடிக்கல் விழா தள்ளிப்போகுமே என்று சபை நிர்வாகம் பார்க்கும் வார்டன் இழுத்தபோது, ஒரு வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறு நல்ல இடம் பார்த்துவிடலாம், சனிக்கிழமைக்குள் எல்லாம் முடியும் என்று தைரியம் சொன்னார். அன்றிரவு அவர் மிகவும் நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாததுமாக, ஒரு கையில் மீன் சோற்றுப் பாத்திரமும் மறு கையில் சின்னச் சட்டைகள் இருந்த பையுமாக மிஷன் வீட்டுக்குப் போனார். கடற்கரை ரயில் ஒன்று போய் ஓய்ந்தது. பின்பக்க அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று அவர் கதவுக்கு ஓரமாக நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார்.

"மகள் திவ்யா, பயப்படாதம்மா. நான் இந்தச் சபையோட குரு."

உள்ளேயிருந்து சீறல் வந்தது. குறிப்பில் இருந்தது சரிதான் என்று தலையை ஆட்டிக்கொண்டார். உன்னை யாரும் விரட்ட மாட்டார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நானே ஆளனுப்புகிறேன் என்று இன்னும் கொஞ்சம் பேசினார். சீறல் உறுமலாயிற்று. பசியாக இருக்கும் என்று நினைத்து, பாத்திரத்தைத் திறந்து கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளினார். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு முள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. பாவம், எத்தனை நாள் பட்டினியோ என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடுதான் எட்டிப் பார்த்தார்.

சாம்பல் உடம்பு, அதில் வரிவரியாகக் கறுப்புப் புள்ளிகள், கட்டையான வால், கனத்த முன்னங்கால்கள். சாதாரணப் பூனையைப்போல் இரண்டு மடங்கு. கறி மீன் துண்டைக் காலால் அமுக்கிக்கொண்டு அவரை நேருக்கு நேர் பார்த்தது. அதன் வயிற்றுக்குப் பின்னால் வீட்டுப் பூனைக்குட்டி அளவில் இரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

அவர் பின்வாங்கிய வேகத்தில் சட்டைப் பை கால்வாய்க்குள் போயிற்று. ஊரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த சோமே ஓடிவந்தான். "மம கிவ்வனே பாதர், ஹந்துன் திவியா! பெட்டவ் தென்னெகுத் இன்னவா!" என்றான், நான்தான் சொன்னேனே என்கிற தோரணையில்.

புஷ்பராஜ் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிங்களத்தில் ஹந்துன் திவியா என்றால் மீன்பிடிப் பூனை. சதுப்பிலும் கால்வாயிலும் மீன் பிடித்துத் தின்னும், நன்றாக நீந்தும். பெட்டவ் என்றால் குட்டிகள். ஹந்துனை ஹெந்தளையாக்கி, திவியாவைத் திவ்யாவாக்கி, பெட்டவைப் பெட்டையளாக்கி, வனசீவராசிக் காரியாலயத்தை எந்த ஒஃபிசோ ஆக்கிவிட்டார் குணமலர். அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன? தெமட்டகொடையில் சிங்களப் பிள்ளைகளோடு விழுந்து புரண்டு வளர்ந்த ஆர்ச்டீக்கன், இதை ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காமல் பிரசங்க மேடையைத் தட்டினார். ஆனைக்கும் அடி சறுக்கும். ஆர்ச்டீக்கனுக்கு முந்நூறு பேர் முன்னால் சறுக்கியது.

வேலையை நிறுத்தியதற்குக் காரணம் கேட்க மஷூர் வந்து நின்றார். இயந்திரம் தெரு முனையில் தயாராக நின்றது. கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பூனதானே பாதர்? ரெண்டு டின்னத் தட்டினா ஓடிரும். எட்டு மணிக்குத் தொடங்கினா பின்னேரத்துக்குள்ள முடிச்சித் தாரன். ஒருத்தருக்கும் செல்லவும் தேவையில்ல" என்றார்.

அவர் கெட்ட மனிதர் அல்ல. வேலையை நேரத்துக்கு முடிக்கிற மனிதர். அவர் சொன்னதும் உண்மைதான். யாருக்கும் தெரியாது. திவ்யாவை அவளுடைய சொந்தக்காரர் வந்து கூட்டிப்போய்விட்டார்கள் என்றால் சபை சந்தோஷப்படும். சனிக்கிழமை அடிக்கல் விழும். முற்றத்தில் அவருடைய பெயர் காலை வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு கிடந்தது. புஷ்பராஜ் அதைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொப்பிங் பை தெரிந்தது, அதற்குள் அசைகிற குஞ்சுகளும் தெரிந்தன.

மஷூரிடம் இயந்திரத்தைக் கொண்டுபோகச் சொன்னார். பிறகு போனை எடுத்தார். பூனைக்கு மணி கட்டுவது யார் என்பார்கள். இங்கே பூனைக்காக ரதிக்கு மணி அடிக்க வேண்டியிருந்தது, அது அதைவிடக் கஷ்டம்.

"சொல்லுங்க பாதர்" என்றாள்.

அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். குறிப்பு, பிரசங்கம், பால்மா, ரிபன், மீன் கறி எல்லாம். மறுமுனையில் ஒரு விக்கல் மாதிரி கேட்டது. "மகள் திவ்யா பயப்படாதன்னு சொன்னீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் சிரிக்கத் தொடங்கினாள். தெமட்டகொடைச் சிரிப்பு, மூக்கால் ஆரம்பித்து இருமலில் முடிகிற, அப்பாவின் சிரிப்பு. பதினொரு வருஷமாகக் கேட்காத சிரிப்பை அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் சோமேயின் தோளில் தட்டினார்.

முக்கால் மணியில் வந்து இறங்கினாள். சிரிப்பு அதற்குள் பைக்குள் போய்விட்டிருந்தது. கறித்தூள் போட்ட மீனையா கொடுத்தீர்கள் என்று முதலில் திட்டினாள். பிறகு கதவிடுக்கில் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நகரத்துக்கு நடுவில் குட்டி போட்ட மீன்பிடிப் பூனையை இத்தனை வருஷத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாளாம். குட்டிகள் வளர்ந்ததும் தாயே கூட்டிக்கொண்டு போய்விடும். பத்து வாரமாவது ஆகும். அதுவரை ஒருவரும் கிட்டப் போகக் கூடாது, சாப்பாடு வைக்கவே கூடாது என்றாள். முற்றத்து மரத்தில் தானாகப் படமெடுக்கும் கமெராப் பெட்டி ஒன்றைக் கட்டினாள். கட்டிவிட்டுத் திரும்பியபோது காலடியில் கல்லைக் கண்டு, எழுத்துக்களைப் படித்தாள்.

"நீங்க ரிடையர் ஆகுறது வாற ஞாயித்துக்கிழமைதானே பாதர்? அப்ப இந்தக் கல்லு?"

"கல்லுதானே. கெடக்கட்டும். அடுத்தவர் வந்து அவரு பேரப் போட்டு வைப்பாரு."

ரதி கமெராப் பெட்டியின் கட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். சரி பாதர் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாள். ஜெபப் புத்தகம் அவர் கையில்தான் இருந்தது, கடிதமும் அதற்குள்தான் இருந்தது. கொடுக்கவில்லை. இப்போது கொடுத்தால், பூனையைக் காட்டித் தன்னைக் கூப்பிடுகிறான் என்று நினைப்பாளோ என்று பயந்தார். பத்து வாரம் வீட்டை விட்டுக் கொடுத்ததற்குக் கூலி கேட்கிற மாதிரி இருக்கும். அந்தக் கூலி அவருக்கு வேண்டாம், தங்கைதான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சபைக் கூட்டம் அமளிதுமளிப்பட்டது. பூனைக்கா மீன் கறி காய்ச்சினோம் என்று தாய்மார் சங்கம் கொதித்தது. மண்டபத்துக்காக ஆறு வருஷமாகக் காத்திருக்கிறோம், ஊர் சிரிக்கப்போகிறது என்றார் வார்டன். குணமலர் முகம் வீங்கி மூலையில் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டு விலகுவதாகக் கடிதமும் கொண்டுவந்திருந்தார். "நான் பிழையா விளங்கிப்போட்டன் பாதர். உங்கட கடைசிக் கிழமையை நான்தான் பழுதாக்கினனான்" என்று அழுதார். புஷ்பராஜ் அந்தக் கடிதத்தை வாங்கி நாலாய் மடித்துத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார். பிறகு எழுந்து நின்றார்.

"கொட்டாஞ்சேனையில நான் ஒரு மரத்த வெட்டினேன். அதுல குஞ்சுக இருந்துச்சு. கார்ல எச்சம் விழுதுன்னு வெட்டினேன். அன்னைக்கு என்ன யாரும் ஏமாத்தல, எல்லாம் தெரிஞ்சுதான் செஞ்சேன். போன ஞாயிறு தெரியாம ஒரு வார்த்த சொன்னேன். ஒரு தாயும் ரெண்டு பிள்ளைகளும் இருக்கும்வரைக்கும் ஒரு செங்கல்லையும் தொட மாட்டோம்னு. எந்த மாதிரித் தாய்னு நான் சொல்லல. நீங்களும் கேக்கல. ஆமென்னு சொன்னீங்க."

பின்வரிசையில் தாய்மார் சங்கத் தலைவிதான் முதலில் சிரித்தார். மீன் துண்டுகளை அது நன்றாகச் சாப்பிட்டதா என்று கேட்டார். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்றதும், "சீலாதான் சரியெண்டு அண்டைக்கே சொன்னனான்" என்று பக்கத்தில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தார். அதோடு கூட்டம் இளகிவிட்டது. வார்டனும் தோற்றவர் மாதிரி காட்டிக்கொள்ளாமல், பத்து வாரத்துக்கு அந்தப் பக்கம் ஒருவரும் போகக்கூடாதென்று தானே அறிவித்தல் பலகை எழுதுவதாகச் சொன்னார். பால்மாவும் மிச்சமிருந்த சின்னச் சட்டைகளும் களுபோவில ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டுக்குப் போயின.

அதன் பிறகு புதன், வியாழன், வெள்ளி. ரதியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. புஷ்பராஜ் கடைசிப் பிரசங்கத்தை எழுதி முடித்தார். பவுல் எபேசு சபையிடம் விடைபெறுகிற இடம். யாரும் குறை சொல்ல முடியாத, யார் மனதையும் தொடாத பிரசங்கம். அவள் வரமாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிப் பழகினார். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்கிறார்களே, அது பழமொழிக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அடிக்கல் விழா நடந்திருக்க வேண்டிய சனிக்கிழமை காலையில், அந்த நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தன் சப்பாத்துக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது போனில் ஒரு படம் வந்து விழுந்தது.

மிஷன் வீட்டு முற்றம். விடிகிற வெளிச்சம். அடிக்கல்லின் மேல் திவ்யா உட்கார்ந்திருந்தாள், வாயில் ஒரு திலாப்பியா. ஒரு குட்டி கல்லின் விளிம்பைப் பிடித்து ஏறப் பார்க்கிறது, மற்றது தாயின் வாலைக் கடிக்கிறது. அவள் உடம்பு 'ஆர்ச்டீக்கன் த. டா.' என்பதை முழுக்க மறைத்துவிட்டது. வாலும் அதைக் கடிக்கிற குட்டியும் 'அவர்களால் நாட்டப்பட்டது' என்பதை மறைத்திருந்தன. நடுவில் புஷ்பராஜ் என்று மட்டும் பொன்னெழுத்தில் தெரிந்தது.

கீழே எழுதியிருந்தாள்: "அண்ணே, ஒன் கல்ல அவ எடுத்துக்கிட்டா. ஒன்னு பெட்ட, ஒன்னு கடுவன். நாளைக்கு சர்ச் எத்தன மணிக்கு?"

முதல் வார்த்தையை அவர் எத்தனை தடவை படித்தார் என்று எனக்குத் தெரியாது. சப்பாத்துத் துணியாலேயே முகத்தைத் துடைத்து, மூக்கில் கறுப்பாக்கிக்கொண்டார் என்பது மட்டும் தெரியும். பெரிதாக ஏதேதோ எழுதி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "எட்டரை" என்று மட்டும் அனுப்பினார். உடனே இன்னொன்று வந்தது. "நோவா இருக்கா?"

புஷ்பராஜ் மேசையிலிருந்த பவுலையும் எபேசு சபையையும் எடுத்துக் குறுக்கே கிழித்தார். "இருக்கு" என்று பதில் போட்டார்.

அவள் முன் வாங்குக்கு வரவில்லை. கடைசிக்கு முந்திய வாங்கில், நல்ல சேலையும் சேறு காயாத செருப்புமாக உட்கார்ந்திருந்தாள். அது போதும், தாராளமாகப் போதும். புஷ்பராஜ் எழுதிவைத்த தாள் எதுவும் இல்லாமல் பேசினார். பேழையின் கதவை அடைத்தது நோவா இல்லை, கர்த்தர் என்றுதான் வேதம் சொல்கிறது. அந்தக் கதவுக்குக் கையை நீட்ட நமக்கு உரிமையில்லை. கொட்டாஞ்சேனையில் நான் நீட்டினேன் என்றார். எட்டு நிமிஷந்தான் பேசினார். அவருடைய நாற்பது வருஷ ஊழியத்தில் அதுவே மிகச் சிறிய பிரசங்கம் என்று வார்டன் பிறகு நன்றியோடு சொன்னார்.

மன்றாட்டு வாசிக்கக் குணமலர் வந்தார். நோயாளிகள், பரீட்சை எழுதுகிறவர்கள், கனடா விசாக்காரர் என்று பட்டியல் இறங்கி வந்தது. ஓரிடத்தில் அவர் நின்றார். அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி ஒருவரும் அவரிடம் வரவில்லை. ஏற்றியவரும் அவரே, எடுக்கவேண்டியவரும் அவரே. மேலே ஆர்ச்டீக்கனைப் பார்த்தார். அவர் தலையை அசைத்தார். குணமலர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இனி ஒரு சொல்லும் பிழைக்கக் கூடாது என்கிற கவனத்தோடு, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"எங்கள் மிஷன் வீட்டில் தங்கியிருக்கும் திவ்யாவுக்காகவும், அவளுடைய ஒரு பெட்டைக்காகவும், ஒரு கடுவனுக்காகவும்."

வாங்குகளில் தோள்கள் குலுங்கின. இப்போது சபை சொல்ல வேண்டிய வரி. சிரிப்பில் யாருக்கும் குரல் எழும்பவில்லை. கடைசிக்கு முந்திய வாங்கிலிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாக, தெமட்டகொடைத் தண்டவாள ஓரத்தில் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் நின்று சொன்ன அதே இராகத்தில் சொன்னது:

"கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்."

அதற்குப் பிறகுதான் முந்நூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த ஜெபத்தைத் தொடங்க ஆர்ச்டீக்கனுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. விட்டுப் போகிற துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள்.